வெட்டி வேலையும் சனிக்கிழமைக் கால்வாயும்

ஆடிப்பெருக்கு அன்று மாலை, எங்கள் தெருக்கோடி வீட்டு அத்தை தம் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். மகள் செப்டம்பரில் பர்மிங்காமுக்கு முதுகலை படிக்கப் போகிறாள். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போய்த் திரும்பி வந்தவள் என்பதால், இத்தகைய ஆலோசனைகளுக்கு ஊரில் என்னைத் தேடி வருவார்கள். எந்தப் பருப்பை எடுத்துச் செல்லலாம், கம்பளிச் சட்டையை இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா, பகுதிநேர வேலை எத்தனை நாளில் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் பேசி முடித்த பிறகு, போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து வாரத்தில் மூன்று மணி நேரமாவது எங்காவது தன்னார்வலராகச் சேர்ந்துகொள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அத்தையின் முகம் மாறிவிட்டது.

"முப்பது லட்சம் கடன வாங்கி அனுப்புறோம். அங்க போயி வெட்டி வேலையா பாக்கச் சொல்ற?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. முழுப் பதிலையும் எழுதிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் அத்தையின் சொல்லுக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். 'வெட்டி வேலை' என்று நாம் இன்று பயனற்ற வேலையைச் சொல்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகள், கடமைகள் ஆகியவற்றின் பெயர்களுக்கிடையே வரும் 'வெட்டி' என்பது, கூலியின்றிச் செய்தே ஆகவேண்டிய உழைப்பைக் குறித்த சொல். ஆற்றங்கரை உடைப்பெடுத்தால் மண் சுமக்கவும், வாய்க்காலில் தூர் வாரவும் ஊரார் இறங்கிய குடிமராமத்தைக்கூட, 1858ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அரசு சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற ஒன்றைப் போட்டுக் கட்டாயமாக்கியது. பண்ணையாட்களுக்கு ஓரளவேனும் பாதுகாப்புத் தர 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்ட மண் இது. கூலியில்லாத உழைப்பு என்றதும் இங்குள்ள ஒரு தாய் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்புக்குப் பின்னால் பல தலைமுறைகளின் நினைவு இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே 'சேவை செய்தால் மனம் நிறையும்' என்ற வகை உபதேசம் அவரிடம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

நானும் அந்தச் சுளிப்போடுதான் 2018 செப்டம்பரில் லீட்ஸ் நகரில் போய் இறங்கினேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள் நான். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம், இறுதியில் ஒரு சான்றிதழ். முகாமில் கோயில் குளத்தைச் சுத்தம் செய்தோம், சாலையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டோம். யாருக்கு அது தேவைப்பட்டது என்று நாங்களும் கேட்கவில்லை, எங்களை அழைத்துச் சென்றவர்களும் சொல்லவில்லை. தன்னார்வம் என்பது விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி என்ற அளவில்தான் அந்தச் சொல்லோடு எனக்கு உறவு இருந்தது.

அங்கே போன பிறகு தெரிந்த முதல் செய்தி, வெளிநாட்டு மாணவரின் நாள் எத்தனை குறுகியது என்பது. ஆறு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தோம்; ஆறு பேரும் தமிழ்நாடு. காலையில் ரசம், இரவில் சாம்பார், இடையில் வகுப்பறை. வகுப்பிலும் பாதிப் பேர் இந்தியர், மீதிப் பேரில் பெரும்பாலோர் சீனர். கடையில் பொருள் வாங்கினால் பணத்தை இயந்திரத்திடம் கட்டிவிட்டு வந்துவிடலாம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிச் சென்ற நான், முதல் மூன்று வாரங்களில் அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரோடும் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசவில்லை. நான் ஒரு நாள் படுக்கையை விட்டு எழாமல் இருந்திருந்தால், அந்த நகரத்தில் எந்தக் காரியமும் நின்றிருக்காது. பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவு இயந்திரம் மட்டும் கவனித்திருக்கும். கட்டணம் கட்டியவள் என்ற முறையில் எல்லோரும் என்னிடம் கனிவாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

லீட்ஸ் நகரத்தின் நடுவிலிருந்து லிவர்பூல் வரை 127 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் போகிறது. 1770இல் வெட்டத் தொடங்கி, முழுநீளமும் முடிய 1816 ஆயிற்று. புதாறு என்று எங்கள் பக்கம் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் ஓடும் இடத்தைத் தேடிப் போவது இயல்புதானே. அப்படி ஒரு நாள் நடந்தபோது, கரையோரம் முட்புதர் வெட்டிக்கொண்டிருந்த முதியவர்கள் சிலரைப் பார்த்தேன். பொதுப்பணித்துறைப் பணியாளர்கள் என்றே நினைத்தேன். அவர்களோ சம்பளம் இல்லாதவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், செவிலியராக இருந்த ஓர் அம்மா. எல்லோரும் என் அப்பாவைவிட மூத்தவர்கள். படிவம் நிரப்பினேன், பாதுகாப்பு விதிகளை அரை நாள் சொல்லிக் கொடுத்தார்கள், அக்டோபர் நடுவிலிருந்து சனிக்கிழமைதோறும் போகத் தொடங்கினேன். தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னபோது, அந்தக் கால்வாய் எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது என்று கேட்டார். ஒரு ஏக்கருக்கும் பாயாது, படகு மட்டும்தான் போகும் என்றேன். "அப்புறம் எதுக்கு அதுக்கு ஆளு?" என்றார்.

ஆங்கிலம் உண்மையில் அங்கேதான் காதில் ஏறியது. யார்க்‌ஷயர்க்காரர்கள் வணக்கம் சொல்வதற்கு 'நௌ தென்' என்பார்கள். ஏதோ சண்டைக்கு அழைக்கிறார்கள் என்று முதல் வாரம் பயந்துபோனேன். 'ஒன்பது வைல் ஐந்து' என்றால் ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை என்று பொருள். 'வைல்' என்ற சொல் அங்கே 'வரை' என்ற பொருளிலும் வரும் என்பதை எந்தப் பயிற்சி மையமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கையில் கத்தரியோ குப்பை எடுக்கும் இடுக்கியோ இருக்கும்போது, பேச்சு இலக்கணத்துக்காகக் காத்திருப்பதில்லை. தவறாகப் பேசினாலும் வேலை நடக்கிறது என்று கண்ட பிறகு வாய் தானாகத் திறந்தது. வகுப்பில் பேராசிரியரிடம் கேள்வி கேட்கும் துணிவும் எனக்கு இந்தக் கரையிலிருந்துதான் வந்தது.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 15 இரவும் 16 அதிகாலையும் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னை நின்ற ஊர்களையெல்லாம் புரட்டிப்போட்டது. லீட்ஸில் அப்போது வியாழக்கிழமை இரவு. கடைசியாக அம்மா பேசியபோது ஓடு பறக்கிறது என்றார். பிறகு இணைப்பே கிடைக்கவில்லை. வெள்ளி முழுவதும் கிடைக்கவில்லை. மின்கம்பங்களும் கைபேசிக் கோபுரங்களும் விழுந்து கிடந்த ஊரை, நான் முகநூலில் அடுத்த ஊர்க்காரர்கள் போட்ட படங்களில் தேடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை எழுந்தபோது எங்கும் போகும் மனநிலை இல்லை. ஆனால் வரவில்லை என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். அதைச் சொல்லத் தவறியிருந்தேன். எட்டரை மணிக்குக் கிர்க்ஸ்டாலில், படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் பூட்டு மதகு அருகே எனக்காக ஒரு ஜோடிக் கையுறையோடு நிற்பார்கள் என்பது தெரியும். அந்த ஒரே காரணத்துக்காகப் போனேன்.

போய், நடந்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்று யாரும் தோளைத் தட்டவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது வராது. அந்தப் பேருந்து ஓட்டுநர் கிளை வெட்டும் கத்தரியை என் கையில் கொடுத்து, கைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள், மணி அடித்தால் உடனே எடு என்றார். இரண்டு மணி நேரம் முட்செடிகளை வெட்டினேன். தேநீர் வேளையில் அவர் தம் வீட்டுக் கதையைச் சொன்னார். 2015 டிசம்பர் 26 அன்று ஏர் ஆறு கரைபுரண்டு கிர்க்ஸ்டால் சாலையில் புகுந்தபோது அவருடைய வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் சேறானது. அறிமுகமில்லாதவர்கள் மண்வெட்டியோடு வந்து இறங்கி, அள்ளிப் போட்டுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள். டிசம்பர் 26 என்றதும் எனக்கு நாகப்பட்டினம் நினைவுக்கு வந்தது. 2004இல் அதே தேதியில்தான் எங்கள் கடல் உள்ளே வந்தது. அதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு தென்னை நட்டால் காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்டார். நெட்டை ரகம் ஆறேழு ஆண்டு ஆகும் என்றேன். அவர் தலையாட்டினார். எங்களுக்கு என்ன போயிற்று என்பதை அந்த நாட்டில் சரியாகப் புரிந்துகொண்டு கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஞாயிறு இரவு அப்பாவின் குரல் கேட்டது. வீடு தப்பியது, எண்பது மரங்களில் நின்றவை பத்தொன்பது.

வெளிநாட்டு மாணவருக்குத் தன்னார்வப் பணியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மொழிப் பயிற்சி, நட்பு, அனுபவம், வேலைவாய்ப்பு என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். அவை யாவும் உண்மை. ஆனால் அவை எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம். உங்களை எதிர்பார்த்து நான்கு பேர் நிற்கும் இடம் ஒன்று அந்த அந்நிய ஊரில் உங்களுக்கு வாய்க்கிறது. மாணவராக நீங்கள் அங்கே வாடிக்கையாளர், குடியிருப்பவராக வாடகைதாரர், தன்னார்வலராகும்போது மட்டும்தான், வராவிட்டால் குறையாகத் தெரியும் ஆளாகிறீர்கள். அதே சமயம், இனி வர முடியாது என்று சொல்லிவிட்டு எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். வெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கூலியில் இல்லை. இரண்டிலும்தான் கூலி கிடையாது. மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

இந்த உரிமையைத்தான் அந்நாட்டுச் சட்டமும் வேறு மொழியில் பேசுகிறது. போகும் மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிரிட்டனில் பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேல் படிக்கும் மாணவர் விசாக்காரர்களுக்குப் பெரும்பாலும் பாடப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. வாரம் என்பது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும் ஏழு நாள். இதில் 'வாலண்டியரிங்' வேறு, 'வாலண்டரி வொர்க்' வேறு. முன்னது அறக்கட்டளைக்கோ பொதுத்துறை அமைப்புக்கோ ஒப்பந்தம் ஏதுமின்றிச் செய்யும் உதவி. பயணச் செலவு போன்றவை தவிர வேறு எதுவும் கைக்கு வராது. இது 20 மணிக் கணக்கில் சேராது. பின்னது, சம்பளம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து குறிப்பிட்ட வேலையைச் செய்தே தீர வேண்டும் என்ற கடப்பாடு உள்ளது. இது கணக்கில் சேரும். பகுதிநேர வேலையில் 20 மணியையும் முடித்துவிட்டு, அதன் மேல் இந்த இரண்டாவது வகையில் இரண்டு மணி நேரம் செய்தாலும் விசா விதியை மீறியதாகிவிடும். சந்தேகம் வந்தால், சேர்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னோடு தங்கியிருந்த பெண் ஒருத்தியிடம் ஒரு நிறுவனம் ஆறு வாரம் முழுநேரமாக வந்து வேலை செய், சம்பளம் கிடையாது, 'தன்னார்வலர்' என்று சான்று தருகிறோம் என்றது. இலாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு இனாமாக உழைப்பதற்குத் தன்னார்வம் என்று பெயர் இல்லை. அத்தை சொன்ன அந்தச் சொல்தான் அதற்குச் சரியான பெயர். அவள் மறுத்துவிட்டாள், நல்லது செய்தாள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் இந்த எல்லைக்கோடு வெவ்வேறு வடிவில் உண்டு. ஆஸ்திரேலியாவில் பாடப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கக்கூடிய வேலையை இலவசமாகச் செய்தால் அதைத் தன்னார்வமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போகும் நாட்டின் விதியை அந்தந்த ஆண்டில் படித்துக்கொள்வதே நல்லது, ஏனெனில் மணிக்கணக்கு அடிக்கடி மாறுகிறது.

அதே பெண் பிறகு ஓர் அறக்கட்டளைக் கடையில் சேர்ந்தாள். மக்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய துணி, புத்தகம், பாத்திரம் ஆகியவற்றைத் தரம் பிரித்து விற்று, வரும் பணத்தை நற்பணிக்குக் கொடுக்கும் கடைகள் அங்கே தெருவுக்கு ஒன்று இருக்கும். மயிலாடுதுறைக்காரி, தொலைபேசி மணி அடித்தாலே குளியலறைக்குள் போய்விடுவாள். முதல் மாதம் பின்னறையில் துணிகளுக்கு நீராவி போட்டாள். இரண்டாம் மாதம் கல்லாவில் நிறுத்தினார்கள். பொருள் கொடுக்க வருபவர் ஒவ்வொருவரிடமும், 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்திட முடியுமா என்று கேட்க வேண்டும். வரி கட்டுபவர் கையெழுத்திட்டால், ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து அறக்கட்டளைக்குக் கூடுதலாக வரும். அந்த ஒரே கேள்வியை நாளுக்கு முப்பது முறை கேட்டுக் கேட்டே அவளுடைய கூச்சம் போய்விட்டது. பின்னர் அவள் பல்பொருள் அங்காடி ஒன்றில் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்தபோது, அங்கே வழக்கமாகக் கேட்கும் இரண்டு பரிந்துரையாளர்களில் ஒருவராகக் கடை மேலாளர் பெயரைக் கொடுத்தாள். புதிதாக வந்தவருக்கு அந்த நாட்டில் தன்னைத் தெரிந்தவர் என்று எழுத ஒரு பெயர் கிடைப்பது எத்தனை பெரிய காரியம் என்பது, அந்தக் கட்டத்தை வெறுமையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் கதை அவ்வளவு இலாபகரமானதன்று. அப்போது படிப்புக்குப் பிந்தைய விசா பிரிட்டனில் கிடையாது. முன்பு இருந்ததை 2012இல் நிறுத்தியிருந்தார்கள், 2021 ஜூலையில்தான் மீண்டும் வந்தது. படிப்பு முடிந்து சில மாதங்களில் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் வசந்த காலம் வந்து படகுகள் ஓடத் தொடங்கியபோது எனக்குப் பூட்டு மதகு இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது இங்கு நாம் பார்க்கும் ஷட்டர் போன்றது அன்று. இரண்டு கதவுகளும் நீர் வரும் திசையை நோக்கிக் கூம்பியபடி மூடிக்கொள்ளும். நீரின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடிக்கும். இரும்புத் திருகுகோலால் கதவின் சிறு பலகையைத் தூக்கி, அறைக்குள் நீர்மட்டத்தைச் சமன் செய்யும்வரை, பத்துப் பேர் தள்ளினாலும் கதவு அசையாது. சமனானதும், நீண்ட மர விட்டத்தில் முதுகைக் கொடுத்து ஒரே பெண் தள்ளித் திறந்துவிடலாம். பிங்லி என்ற ஊரில் 1774இல் திறந்த ஐந்து பூட்டுகள் படிக்கட்டுபோல் அடுத்தடுத்து நிற்கின்றன, இன்றும் இயங்குகின்றன. எங்கள் ஊரில் லஸ்கர் எனப்படும் மதகுப் பணியாளர் மட்டுமே தொடும் ஷட்டர் சக்கரத்தை ஒரு பெண் தொட்டு நான் பார்த்ததில்லை. இன்று தஞ்சாவூரில் வாய்க்கால் மதகுகளுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நேர்காணலில் என் ஆய்வேட்டைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார்கள். மரக்கதவு எங்கே கசியும், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள்.

எல்லோரும் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரவுக் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டுக் காலை வகுப்புக்கு ஓடுபவரிடம் தன்னார்வம் பேசுவது அநியாயம், அவர் தூங்கட்டும். வாராவாரம் வாக்குக் கொடுக்க முடியாதவர்களுக்குப் பார்க்ரன் போன்றவை இருக்கின்றன. 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது அது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஓடுபவர்களுக்கு வழிகாட்டி நிற்கவும் நேரம் குறிக்கவும் ஆள் தேவைப்படும். முடிந்த வாரம் போனால் போதும். குழந்தைகள், முதியோர் நடுவே பணியாற்ற விரும்பினால் காவல்துறைப் பதிவுச் சோதனை உண்டு. தன்னார்வலர்களுக்கு அந்த அரசு கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அந்தச் சோதனை நம் நாட்டுப் பதிவுகளைப் பார்க்காது என்பதால், இங்கிருந்து ஒரு நன்னடத்தைச் சான்றையும் சில அமைப்புகள் கேட்கும். கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைப்பது உத்தமம். மின்னஞ்சலுக்குப் பதில் போடும் பழக்கமுள்ள ஆசிரியர் ஒருவரிடம், பரிந்துரைக்குச் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் போடாத ஆசிரியர் எத்தனை பெரியவராக இருந்தாலும் பயனில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இரண்டு வாரம் போய்ப் படம் எடுத்துப் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு நம் ஊரிலிருந்து வரும் பிள்ளை படிவம் நிரப்பும்போது, அதை வாங்குபவரின் முகத்தில் அது தெரியும்.

இவற்றில் பாதியைத்தான் அன்று திண்ணையில் சொல்ல முடிந்தது. புதாற்றில் காப்பரிசித் தட்டோடு பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கைபேசியில் எதையோ குறித்துக்கொண்டாள். அத்தை நெடுநேரம் யோசித்துவிட்டு எழுந்தார். வாசற்படி வரை போனவர் திரும்பி நின்றார்.

"பஸ் காசாவது குடுப்பாங்களாம்மா?"

"குடுப்பாங்க அத்தை. டிக்கெட்ட மட்டும் பத்திரமா வச்சிருக்கணும்."

"கேட்டுக்கிட்டியாடி? டிக்கெட்டத் தூக்கிப் போட்றாத" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினார்.